பத்து எண்ணும் வரை

எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காரும் புதுப் பெண் இன்று மத்தியானம் தலைவலி என்று தைலத்தை எடுத்து நெற்றிப் பொட்டில் தேய்த்தாள். அவ்வளவுதான். ஏசி ஹால் முழுக்க அந்த நெடி பரவிவிட்டது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். பின்னாலேயே வந்து என்ன ஆச்சு என்று கேட்ட டீம் லீடரிடம், காலையில் தின்ற தோசை சரியில்லை என்று சொன்னேன். பொய் சொல்வது எனக்குச் சுலபமாக வரும். உன் பொண்டாட்டியிடமே சொல்லியிருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. மறைந்தாய், காலமானாய் என்றெல்லாம் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நாம் ஒருத்தருக்கொருத்தர் மரியாதையாகப் பேசிக்கொண்டவர்கள் இல்லை. ஊரில் உன்னைப் பற்றி இப்போது எல்லாரும் தங்கமான மனுசன் என்கிறார்கள். நீ தங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் நீ என்னை என்ன செய்தாய் என்பது அவர்களுக்குத் தெரியாது, அல்லது பார்த்துச் சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

நம் ஊரில் ஹாக்கி மட்டை பிடிக்காத பையனை யாரும் மதிப்பதில்லை. நீ ஸ்கூல் டீமின் கோல்கீப்பர். நான் தண்ணீர் கேன் தூக்குகிறவன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன் என்பதற்காக ஒரு சாயங்காலம் பேடு, கையுறை எதுவும் இல்லாமல் என்னைக் கோலில் நிறுத்தி, நீயே மட்டையை எடுத்து அடித்தாய். "பத்து எண்ணுத வரைக்கும் நகரக் கூடாதுலே. பயம் போகணும்லா" என்றாய். ஆறு வரைக்கும் எண்ணினேன். ஆறாவது பந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. நொண்டிக்கொண்டே மைதானத்தை விட்டு ஓடினேன். டீமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த எலும்பில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. மறுநாள் நீ எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாய். நானும் வாங்கித் தின்றேன். அப்படித்தான் நாம் நண்பர்கள் ஆனோம்.

இருபது வருசம் கழித்து, ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டா வேலை கிடைக்கும் கிடைக்கும் என்று காத்திருந்து அது கிடைக்காமல், தீப்பெட்டி ஆபீசில் பார்த்த வேலையும் போய், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூரில் என் அறைக்கு வந்து நின்றாய். செக்யூரிட்டி வேலையாவது வாங்கிக்கொடு என்றாய். மொட்டை மாடியில் ஒற்றை அறை. நீ தரையில், நான் கட்டிலில். பதினொரு வாரம் இருந்தாய். முதல் நாளே என் வேலையைப் பற்றி விசாரித்தாய். வீடியோ கேமில் ஃபிசிக்ஸ் ப்ரோகிராமர் என்று சொன்னேன். எறிந்த கல் எங்கே விழ வேண்டும், இடித்த சுவர் எப்படிச் சரிய வேண்டும், சுடப்பட்டவன் எப்படி விழ வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. இதில் மூன்றாவதுதான் எனக்கு. கேமில் ஓர் ஆள் நடப்பதற்கும் ஓடுவதற்கும் வேறு ஆட்கள் பொறுப்பு. குண்டு பட்ட நொடியிலிருந்து அந்த உடம்பு என்னுடையது.

"அப்ப நீ பொணத்துக்குப் பி.டி. வாத்தியாருன்னு சொல்லு" என்றாய். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

எங்கள் கேமில் செத்தவர்கள் அரிசி மூட்டை மாதிரி விழுகிறார்கள் என்று அப்போது ஆபீசில் எனக்கு ஏச்சு விழுந்துகொண்டிருந்தது. நிஜ மனிதன் விழுவதை வீடியோ எடுத்து, எந்த மூட்டு முதலில் மடிகிறது, தலை எப்போது தரையைத் தொடுகிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்து என்றார்கள். ஸ்டூடியோ கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறான், விழுவது அவனுக்குக் கைவந்த கலை என்றேன். இப்படி நீ எனக்குக் கிடைத்தாய்.

மொட்டை மாடியில் முன்பக்கம் ஒரு போன், பக்கவாட்டில் ஒரு போன். முதல் நாள் மெத்தை போட்டேன். மெத்தையில் உடம்பு துள்ளுகிறது, கணக்குக்கு ஆகாது என்று மறுநாள் எடுத்துவிட்டேன். பிறகு, தள்ளப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால் நீ தயாராகிவிடுகிறாய், சாகிறவன் தயாராக இருக்க மாட்டான் என்று தோன்றியது. சொல்லாமல் தள்ள ஆரம்பித்தேன். நெஞ்சில், தோளில், முதுகில். நீ டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை. நீ சிமெண்ட் தரையில் இடது தோளைக் கொடுத்து விழுவாய். அது கோல்கீப்பர் பழக்கம். "விழுகதுதாம்ல என் வேலை, நீ தள்ளு" என்பாய். அந்த வறட்டு ஜம்பம் எனக்கு வசதியாக இருந்தது.

விழுந்ததோடு காரியம் முடிந்துவிடாது. உடம்பு அடங்க வேண்டும். தலை லேசாக உருளும், விரல் விரியும், பாதம் பக்கவாட்டில் சாயும். அந்தக் கடைசி அசைவுகளில்தான் பார்க்கிறவன் இவன் செத்துவிட்டான் என்று நம்புவான். அதனால் உன்னை அசையாமல் கிடக்கச் சொல்லிவிட்டு, சத்தமாகப் பத்து எண்ணுவேன். பத்து என்றதும் போனை நிறுத்திவிட்டு, "எந்திரி" என்பேன். சில தடவை நிறுத்த மறந்துபோய், நீ எழுவதும் பதிவாகிவிடும். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு கிளிப்பாகப் பத்தாவது எண்ணிக்கையோடு நறுக்கி, மிச்சத்தை அழித்துவிடுவேன். இடம் அடைக்கும் அல்லவா. நீ எழுந்திருப்பது எனக்குத் தேவைப்படாத பகுதி. நான் நறுக்கிக்கொண்டிருக்கும்போது நீ சட்டையைக் கழற்றிப்போட்டு, உன் தோளுக்கு நீயே தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாய். முதுகுப் பக்கம் எட்டாது. "கொஞ்சம் தேய்ச்சு விடேம்லே" என்று கேட்பாய். கையில் வேலை இருக்கிறது என்பேன்.

ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. உன்னைத் தள்ளுவது, நீ கிடப்பது, நான் எண்ணுவது எல்லாமே பிடித்திருந்தது. வேலைக்காகத்தான் எண்ணினேன், பொய் இல்லை. ஆனால் ஏழு, எட்டு என்று வரும்போது வேண்டுமென்றே மெதுவாக எண்ணியது வேலைக்காக இல்லை. உனக்கு அது தெரிந்திருந்ததா என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய், நானும் அத்தோடு நிறுத்தியிருப்பேன்.

பெங்களூர் மாடி போதவில்லை. எங்கள் கேமில் சண்டை வறண்ட பூமியில் நடக்கிறது. சித்திரையில் இரண்டு பேருமாக ஊருக்கு வந்து, எட்டயபுரத்துக்குப் பக்கம் உன் மாமனார் நிலத்தில் எடுத்தோம். பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த மார் பிடுங்கிய வெறும் கரிசல். கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு, கருங்கல் மாதிரிக் கட்டி. நீ அதிலும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விழுந்தாய். உன் பொண்டாட்டி செல்வி தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தவள், முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலாவது தடவை நீ விழுந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னண்ணே இது, வெளையாட்டா வேலையா?" என்று கேட்டாள்.

"வேலைதான் தாயி" என்றேன்.

"அவியளுக்கு அடிபடப் போகுதுண்ணே."

"ஒனக்கென்னட்டீ தெரியும், நீ மோர ஊத்து" என்று நீதான் அவளை அதட்டினாய். உன் முழங்கையில் தோல் உரிந்து புழுதி ஒட்டியிருந்தது.

செக்யூரிட்டி வேலைக்கு நான் யாரிடமும் சொல்லவே இல்லை என்பது உனக்குத் தெரியுமா? நாளைக்குச் சொல்கிறேன், அடுத்த வாரம் சொல்கிறேன் என்றே ஓட்டினேன். நீ வேலைக்குப் போய்விட்டால் எனக்கு யார் விழுவது? கிளிப்கள் போதும் என்று ஆனபிறகு, இங்கே ஒன்றும் சரிப்படவில்லை என்று உன்னை ரயிலேற்றிவிட்டேன். நீ எட்டயபுரத்தில் ஓர் உரக்கடையில் சேர்ந்தாய். தினமும் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போக, வர.

கேம் வெளியானபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். சிப்பாய் உடுப்பில், வெள்ளைக்கார முகத்தில், நீ வரிசையாகச் செத்து விழுந்தாய். இடது தோளைக் கொடுத்து. "ஏட்டி, இங்கன வா, அது என் தோளுட்டீ! எத்தன பேரு செத்தாலும் அது நான்தாம்!" என்று செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினாய். டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னாய். அவர்கள் உன்னைப் பொணம் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அதற்கும் திரும்பிப் பார்த்தாய். நீ எத்தனை பெரிய மடையன்! நன்றிப் பட்டியலில் உன் பெயர் வரும் என்று நான் சொல்லியிருந்தேன். வரவில்லை. நீ அதைத் தேடவும் இல்லை.

போன ஐப்பசியில், அடைமழை நாளில், எட்டயபுரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நீ செத்துப்போனாய். மாரடைப்பு. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. எனக்காக எத்தனையோ தடவை விழுந்தவன், நிஜமாகச் சாகும்போது விழவே இல்லை. ஜன்னல் கம்பியில் தலை, சீட்டில் முதுகு, முன் சீட்டில் முட்டி. மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கின பிறகு கண்டக்டர் வந்து, "அண்ணாச்சி, ஊரு வந்தாச்சு, எந்திரிங்க" என்று இரண்டு தடவை தட்டினாராம்.

உன்னை எடுக்கிற அன்றைக்கு நான் வரவில்லை. புது கேம் வெளியாகிற வாரம் என்றேன். உண்மைதான், ஆனால் கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். பதினாறாம் நாள்தான் வந்தேன். செல்வி என்னைப் பார்த்ததும் அழவில்லை. உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு அவளாகவே பேசினாள்.

"ஒரு வாரமா எடக்கை வலின்னு சொன்னாவண்ணே. தோளுலேர்ந்து கை வரைக்கும் இழுக்குன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். 'கிறுக்கச்சி, இது அவங்கூடப் பெங்களூர்ல விழுந்த வலிட்டீ. மழ வந்தாக் கெளம்பும், தைலம் தேச்சாப் போயிரும்'னுட்டாவ. அன்னைக்குக் காலைலயும் தேச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறுனாவ."

அவள் என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மழை பெய்தது, பஸ் வந்தது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நான் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு கூப்பிட்டு எச்சரித்திருக்கிறது, நீ அதை நான் கொடுத்த வலி என்று நினைத்துத் தைலம் பூசியிருக்கிறாய். கணக்கு அவ்வளவுதான். இதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

பிறகு கேட்டாள். "போன்ல அவிய போட்டோதாண்ணே இருக்கு. எல்லாத்துலயும் உர்ருன்னு நிக்காவ. நீங்க நெறைய வீடியோ எடுத்தீங்கல்லா, அதக் காட்டுங்க. நடமாடுதத ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

லேப்டாப் என் பையில் இருந்தது. மறுக்க ஒரு காரணம் தோன்றியிருந்தால் மறுத்திருப்பேன். முதல் கிளிப்பைப் போட்டேன். நீ நின்றாய், விழுந்தாய், என் குரல் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணியது, இருட்டாகிவிட்டது. அடுத்தது. நீ விழுந்தாய், நான் எண்ணினேன், இருட்டு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆகியிருக்கும். கையை நீட்டித் திரையை மறைத்தாள்.

"ஒரு தடவ கூடவா எந்திரிக்கல?"

நான் கிளிப்பை நிறுத்தினேன்.

"எந்திரிப்பாவண்ணே. நான் கரிசக்காட்டுல பாத்தேனே. ஒவ்வொரு தடவையும் கைய ஊனி, யாத்தேன்னு சொல்லிக்கிட்டே எந்திரிப்பாவ. அது எங்க?"

"அத வெட்டிட்டேன் தாயி."

"எதுக்கு?"

"தேவைப்படல."

அவள் லேப்டாப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினாள். "தேடிப் பாருங்கண்ணே. ஒன்னே ஒன்னு இருந்தாப் போதும்" என்றாள்.

பெங்களூர் வந்து முதலில் ஒரு திருட்டுவேலை செய்து பார்த்தேன். நீ விழுவதைத் தலைகீழாக ஓடவிட்டேன். கயிறு கட்டி இழுத்த மாதிரி, முதுகு தரையிலிருந்து தானாகக் கிளம்பி, நீ நட்டுக்குத்தலாக வந்து நின்றாய். மனிதன் எழுந்திருப்பது அப்படி இல்லை. முதலில் தலை திரும்பும், கை ஊன்ற இடம் தேடும், முட்டி மடங்கும், பாரத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்வான். இத்தனை வருசம் விழுவதைப் பார்த்தே சம்பளம் வாங்கியவனுக்கு, எழுந்திருப்பது எத்தனை பாடு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வீடியோவை அழித்துவிட்டேன். செல்வி ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாள்.

அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்குகளைத் துழாவினேன். மூன்றாவதில் 'கெட்டது' என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர். சரியாக வராததை அதில் தள்ளி, அழிக்க மறந்திருக்கிறேன். அதில் பெரும்பாலும் தரையும் வானமும்தான். ஒன்றில் மட்டும் நீ இருந்தாய். கரிசல் காடு. மதிய வெயில். நீ விழுகிறாய். நான் எண்ணுகிறேன். ஐந்து, ஆறு. ஆறில் நீ தலையைத் திருப்புகிறாய். வலது கையை ஒரு கட்டியில் ஊன்றுகிறாய். யாத்தே என்கிறாய். ஒரு முட்டி மடங்கி, தோள் தரையை விட்டு எழும்பி, புழுதி அப்பிய முகத்தோடு காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறாய். அதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

நீ சொல்கிறாய்: "ஏலே, எடக்கை ரொம்ப வலிக்குதுலே."

என் குரல் சொல்கிறது: "படுலே. இன்னும் பத்து எண்ணல. நான் சொன்ன பொறவு எந்திரி."

நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஊன்றிய கையை எடுத்துவிட்டு, திரும்பவும் படுத்துக்கொள்கிறாய். என் குரல் ஏழு என்கிறது.

நறுக்குவது எனக்குத் தெரிந்த வேலைதானே. நீ சிரிக்கிற இடத்தில், வாய் திறக்குமுன் வெட்டினேன். யாத்தே என்பதும் முட்டி மடங்குவதும் சிரிப்பும் இருக்கிற பகுதியைச் செல்விக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் போன் செய்தாள்.

"பாத்துட்டேண்ணே" என்றாள். "என்னமோ சொல்ல வார மாதிரி இருக்கே, என்ன சொன்னாவ?"

"ஒன்னுமில்ல தாயி, சும்மா சிரிச்சான்."

"பொறவு எந்திரிச்சிட்டாவல்லா?"

"எந்திரிச்சிட்டான்."

"இது போதும்ணே. நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி வைத்தாள். அந்தக் கடைசி வார்த்தைக்கு நீ என்னை அங்கேயே அறைந்திருக்கலாம்.

வெட்டிய மிச்சம் என் போனில் இருக்கிறது. மற்றதையெல்லாம் அழித்தவன் இதை அழிக்கவில்லை. ஆபீசுக்குப் போகிற வழியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். இன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்தும் கேட்டேன். நீ கை வலிக்கிறது என்கிறாய். நான் படு என்கிறேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று இழுத்து இழுத்து எண்ணுகிறேன். பத்து என்றதும் வழக்கம்போலப் போனை நிறுத்திவிட்டிருக்கிறேன். எந்திரி என்று நான் சொன்னது அதில் இல்லை.